சன்னலில் ஒரு ஈரத்துண்டு

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டுத்தான் போன வாரம் நாம் எழுந்து வந்தோம். தம்பி எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைத் தடவிக் கொடுக்கலாமா, நாலு பேர் பார்ப்பார்களே என்று அவர் மனைவி தயங்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை தடவவில்லை. வண்டி வந்தது, ஏறினார்கள், வீடு வந்து சேர்ந்தார்கள்.

இன்றைக்குத்தான் கதைக்குள் காலடி வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற பட்டறை வீடு. கீழே பட்டறை. முதல் மாடியில் தம்பியும் அவர் மனைவியும். அவளை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் மாடியில் அண்ணன், அண்ணி, கைக்குழந்தையோடு வந்திருக்கிற அவர்கள் மகள்.

மோதிரப் பெட்டியைத் திறந்து உள்ளே விரல் வைத்தால் முயல் காதைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருக்கும் அல்லவா, அந்த வெல்வெட் பூச்சுதான் இவர்கள் தொழில். அது துணி இல்லை. நைலான் நூலைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடியாக நறுக்கி, பசை தடவிய பெட்டிமேல் மின்சாரம் வைத்துத் தூவுவார்கள். ஒவ்வொரு இழையும் புல் மாதிரி எழுந்து நின்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத பொடி காற்றில் நிற்கும். தம்பி மீசை முளைக்காத வயதிலிருந்து அந்தக் காற்றுக்குள்ளேதான் நின்றார்.

"அது பிளாஸ்டிக்தாம்மா" என்று நெஞ்சு டாக்டர் முதல் தடவையே சின்னவளிடம் சொல்லியிருந்தார். உடம்பு அதைக் கரைக்காது, செரிக்காது, வெளியே தள்ளவும் எல்லா நேரமும் முடியாது. இந்தக் காலத்தில் எல்லார் வீட்டுக் காற்றிலும் அதில் கொஞ்சம் இருக்கிறது. போர்வையிலிருந்து வரும், தரைவிரிப்பிலிருந்து வரும், ரோட்டில் தேய்கிற டயரிலிருந்து வரும். அந்தக் கொஞ்சம் மனிதனை என்ன செய்யும் என்று தங்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார். "ஆனா உங்க வீட்டுக்காரர் உள்ளே இழுத்தது கொஞ்சம் இல்ல."

பட்டறைப் பக்கமே போகக்கூடாது, நல்ல காற்றில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. விலகி இருந்து இருமல் குறைந்தால், குற்றவாளி அந்தப் பொடிதான். குறையாவிட்டால், வேறு எதையோ தேட வேண்டும்.

தம்பி விலகி இருந்தார். இருமல் குறையவில்லை. ஏறியது. நேற்றுக் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னபோது, தீக்குச்சியை அணைக்கிற அளவுக்குக்கூட அவரிடம் காற்று இல்லை. டாக்டர் நெற்றியைச் சொறிந்துகொண்டார். அப்படியானால் இது பொடி இல்லை, வேறு ஏதோ என்றார். நாளைக் காலையில் வந்து படுக்க வேண்டும், மறுநாள் விலாவைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். இப்போது இருக்கிற மூச்சுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

ஆக, இன்று ஒரு நாள் கையில் இருக்கிறது.

*

இன்றைய நாள் ஒரு சண்டையோடு விடிந்தது.

அண்ணி மாடிப்படியில் நின்றுகொண்டு, குழந்தையின் வெள்ளைத் துணிகளைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். எல்லாம் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தன. ரோஜா நிறம் என்று சொல்லலாம், சொல்ல மனசு இருந்தால்.

"உன் சிவப்புச் சட்டையோட சேர்த்து ஊற வெச்சியா?"

"இல்லக்கா. நான் தொடவே இல்ல. உங்க பொண்ணுதான் துவைச்சா."

"அவ துவைச்சா வெள்ளை வெள்ளையாத்தான் வரும். உன் கை பட்டாத்தான் கலர் படம் ஓடும்."

சின்னவள் பதில் பேசவில்லை. வேறு நாளாக இருந்தால் அவளும் விடமாட்டாள். இந்த இரண்டு ஓரகத்திகளும் வாய்ச்சண்டை போட்டே நெருக்கமானவர்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி திட்டிக்கொண்டே தைலம் கொண்டு வருவாள். இன்றைக்கு இவள் வாயைத் திறக்காததைப் பார்த்ததும் அண்ணிக்கு என்னவோ போலாகிவிட்டது. துணிகளைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாளைக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டாள். ஃபிளாஸ்க் தன்னிடம் பெரிதாக ஒன்று இருக்கிறது என்றாள். படியேறிப் போகும்போது, குட்டிக்கும் ரெண்டு நாளா மூக்கடைப்பு, ராத்திரி பூரா அழுகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் அண்ணன் வந்தார்.

அவர் வரும்போது படியே சிரித்துக்கொண்டு வரும். டீக்கடைக்காரர் சர்க்கரையைக் குறைத்தால்கூடக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிற மனிதர். தம்பி விஷயத்தில் மட்டும் கை தாராளம். கட்டிலில் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, இனிமேல் கவலையே வேண்டாம் என்றார். பட்டறை இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், இனி என்ன என்று தெரிந்தால் மருந்து கொடுத்துவிடப் போகிறார்கள் என்றார். மெரூன் நிறத்தில் பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதையும், தம்பி திரும்பி வந்ததும் சும்மா உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும் என்பதையும் சொன்னார். தம்பி தலையை ஆட்டினார். பேசினால் இருமல் வரும் என்பதால் அவர் இப்போதெல்லாம் தலையால்தான் பேசுகிறார்.

அண்ணன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கச் சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. அவரைப் பார்த்தால் அவளுக்கு அந்த எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஞாபகம் வரும்.

டாக்டர் முதலில் தூசி என்றதும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், பேரம்கூடப் பேசாமல், ஆள் உயர எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். பட்டறையில் இருக்கிற பொடியை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். தெருப் பக்கம் வைத்தால் எதிர்வீட்டார் சத்தம் போடுவார்கள். அதனால் கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக அடியிலிருந்து மேல்வரை விட்டிருக்கிற சதுரத் திறப்பின் பக்கம் வைத்தார். வீட்டில் அதைக் கிணறு என்பார்கள். தண்ணீர் இல்லாத கிணறு. 'மேலே வானம் பார்த்துத் திறந்துதானே கிடக்கு, எல்லாம் வானத்துக்குப் போயிடும்' என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

தம்பியை அறை மாற்றியதும் அவர் யோசனைதான். முன்னே தெருவைப் பார்த்த அறையில் இருந்தார்கள். டயர் தூசி என்று டாக்டர் சொன்னாரே, ரோட்டுக் காற்று வேண்டாம் என்று உள்பக்க அறையைக் காலி செய்து கொடுத்தார். சத்தமில்லாத அறை. ஒரே ஒரு சன்னல். அந்தச் சன்னல் கிணற்றைப் பார்த்தது.

*

மதியம் வெயில் தகித்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றினால் தம்பிக்குத் தொண்டை வறண்டு இருமல் கிளம்பும். நிறுத்தினால் வியர்வை. சின்னவள் பீரோவிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். பால் மாதிரி வெள்ளை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்திருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சன்னல் கம்பிகளின்மேல் விரித்துத் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. தம்பி கண்ணை மூடினார்.

அவள் பை கட்டினாள். சோப்பு, சீப்பு, டம்ளர், மாற்றுச் சட்டை. சட்டையை மடிக்கும்போது, இதைத் திரும்ப யார் மாட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்திவிட்டு, ஒன்றுக்கு இரண்டாகச் சட்டை வைத்தாள்.

சாயங்காலம் ஆகும் முன்னே துண்டு காய்ந்துபோயிருக்கும், மறுபடி நனைக்கலாம் என்று போய்க் கம்பியிலிருந்து உருவினாள்.

அறைப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. திருப்பினாள்.

கிணற்றுப் பக்கம் முழுக்க மெரூன்.

சாயம் இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். காலையில் கேட்ட திட்டு காதில் இன்னும் இருந்தது. ஆனால் சாயம் எங்கிருந்து இறங்கும்? கம்பியில் வெள்ளைப் பெயிண்ட். பக்கத்தில் வேறு துணி கிடையாது. விரலால் தடவினாள். விரல் சிவக்கவில்லை. விரல் நுனியில் ரோமம் முளைத்தது. பிஞ்சுப் பீச்சுப்பழத்தின் தோல் மாதிரி, மெத்தென்று, நுண்ணியதாக.

கல்யாணமான புதிதில் பட்டறையில் உட்கார்ந்து பெட்டிக்குப் பசை தடவியவள் அவள். அந்த மென்மை அவள் விரலுக்குத் தெரியும்.

கிணற்றுக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தாள். வானம் தெரியவில்லை. பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு தெரிந்தது. மழை தொடங்கியபோது, குழந்தைத் துணி காய இடமில்லை என்று அண்ணி நச்சரித்து, அண்ணன் ஆள் வைத்துப் போட்டது. ஒரு ஓரத்தில் மட்டும் கையகல இடைவெளி. கீழேயிருந்து எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நல்ல காற்று வேண்டும் என்று சொல்லி அந்தச் சன்னலை இரவும் பகலும் திறந்து வைத்தது அவள்தான்.

*

பட்டறை வெளிச்சமாக இருந்தது. முன்பெல்லாம் உள்ளே நுழைந்தால் பனிமூட்டம் மாதிரி இருக்கும்; இப்போது சுவர்க் கடிகாரத்தின் முள்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஃபேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டிகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைப் பீரங்கி என்பார்கள். அவள் தும்மினால் கண்ணாடிச் சன்னல் அதிரும். இந்த ஃபேன் வந்த பிறகு பீரங்கிக்கு வேலை போய்விட்டது என்று எல்லோரும் கிண்டல் செய்துகொண்டிருந்த சமயத்தில்தான் சின்னவள் உள்ளே வந்தாள்.

அண்ணன் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். நாளைக்குச் சீக்கிரமே வண்டி சொல்லிவிட்டதாக ஆரம்பித்தார். அவள் துண்டை விரித்துக் காட்டினாள்.

"எங்க விழுந்துச்சு இது? கீழே போட்டுட்டியா?"

"எங்க ரூம் சன்னல்ல தொங்கினது, அத்தான். மத்தியானத்துலேர்ந்து."

அவர் சிரித்தார். திரைச்சீலைச் சாயமாக இருக்கும் என்றார். திரைச்சீலையே அங்கே இல்லை என்றாள். பேசிக்கொண்டே அவர் கட்டைவிரல் துண்டின்மேல் போனது. அது அவர் பழக்கம். கடையில் வாங்குகிற பெட்டியானாலும் சரி, கல்யாண வீட்டு நாற்காலியானாலும் சரி, வெல்வெட்டைக் கண்டால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, எந்த நீளத்து இழை, எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிவிடுவார்.

கட்டைவிரல் ஒரு தடவை போனது. திரும்பி வந்தது. பாதியில் நின்றது.

அவர் வாய் இன்னும் சாயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. விரல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது.

"மேலே வானம்தானேம்மா" என்றார் கடைசியில்.

"தகடு போட்டோமே, அத்தான்."

அவர் திரும்பினார். சுவர்ப் பக்கம் போய் எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்சை அணைத்தார். உறுமல் இறங்கி நின்றது. மெஷின் மட்டும் தூவிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம்தான். விளக்கைச் சுற்றி மெரூன் வட்டம் ஒன்று கட்டியது. கடிகாரத்து முள் மங்கியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தியால் மூக்கைப் பொத்தினாள். பீரங்கி தும்மினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் ஃபேனைத் திரும்பப் போட்டார்.

போட்டுவிட்டு அந்தச் சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். நிறுத்தினால் இந்தப் பெண்கள். போட்டால் மேலே தம்பி. மெஷின் சுவிட்சு பக்கத்திலேயேதான் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

சின்னவள் கிட்டே போனாள். பெண்கள் காதில் விழாத குரலில், தன் வீட்டுக்காரர் ஒரு நாள்கூடப் பொடியை விட்டு விலகியே இருக்கவில்லை, அது தெரியாமல்தான் டாக்டர் அறுக்கச் சொல்கிறார், அதைச் சொல்லிவிட்டால் அறுக்கத் தேவையிருக்காது என்றாள். அவள் சொல்வதைவிட, ஃபேனை மாட்டியவர் நேரில் வந்து சொன்னால் டாக்டர் நம்புவார் என்றாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத." அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "நான் மாட்டினதாலதான்னு அவன் நெனச்சுடக் கூடாது. டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

"எப்போ அத்தான்?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

*

மேலே வந்தபோது தம்பி விழித்திருந்தார். சன்னலில் துண்டு இல்லாததைப் பார்த்திருந்தார். அவள் கையில் அது இருப்பதையும் பார்த்தார். அவள் சன்னலைச் சாத்தினாள். அறை இருட்டிப் புழுங்கியது. அண்ணன் கேட்டுக்கொண்டபடி எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவள் வாயெடுத்தாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"பொடின்னு தெரியும்." ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சைத் தேடி எடுத்தார். "பொடியிலயே வளர்ந்தவன்டி நான். எனக்குத் தெரியாதா?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். மெரூன். அவள் எழுவதற்கு முன் தினமும் சன்னல் திண்டைத் துடைத்துவிடுவாராம். அந்தக் கைக்குட்டைகளை அவள்தான் துவைத்திருக்கிறாள். பழைய சட்டைப் பையிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறாள். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் பச்சை.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ நாளைக்குத் தெரிஞ்சே நெஞ்சை அறுக்கக் கொடுக்கப் போறீங்க."

"அறுத்தா அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. நான் சொன்னதா இருக்காது."

இதற்கு என்ன பதில் சொல்வாள், சொல்லுங்கள். இவருக்கு நெஞ்சு வலிக்கும் என்ற பயத்தைவிட, அண்ணனுக்கு மனசு வலிக்கும் என்ற பயம் பெரிதாக இருக்கிறது. மருந்து இல்லாத வியாதி அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். வெந்நீர் கொடுத்தாள். பிறகு அவரே சொன்னார்.

"அண்ணனுக்கு உயரம்னா பயம். பல்பு மாத்தக்கூட ஆள் கூப்பிடுவார். அன்னைக்கு ஃபேன் மாட்ட வந்தவன் பாதியில போயிட்டான். இவரே ஏணில ஏறிட்டார். நான் கீழே பிடிச்சுட்டு நின்னேன். அவர் கால் நடுங்குது, ஏணி நடுங்குது. மாட்டிட்டு எறங்கி வந்து, இனிமே நீ நல்லா மூச்சு விடுடான்னார்." கொஞ்சம் நிறுத்தினார். "அவர்கிட்டப் போய் நான் என்னத்தைச் சொல்ல?"

"எனக்காகச் சொல்லக் கூடாதா?"

அவர் அவளைப் பார்த்தார். பதில் இல்லாமல் இல்லை. இருந்தது, ஆனால் அதைச் சொல்ல மூச்சு பற்றவில்லை. அவள் கையைத் தேடி எடுத்து, தன் விலாவின்மேல் வைத்துக்கொண்டார், நாளை மறுநாள் திறக்கப்போகிற இடத்தில். உள்ளே காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கையில் தட்டுப்பட்டது.

*

விளக்கு வைக்கிற நேரம் அண்ணன் மேலே வந்தார். படி சிரிக்கவில்லை.

தம்பியின் காலடியில், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். ஏன் சன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததே கேட்டது மாதிரி இருந்தது. தம்பியும் பட்டறையைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. வண்டி எப்போது வரும், வழியில் கூட்டம் இருக்குமா, ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தெரியாது என்று ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். சிறு வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களாம். இப்போது ஒரே பொய்யைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். இவள் வாயைத் திறந்தால் இரண்டு பேர் தட்டிலும் மண் விழும். திறக்காவிட்டால் நாளைக்கு வண்டி வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தாள். ஒரு கையில் ஃபிளாஸ்க். இன்னொரு தோளில் குழந்தைத் துணிகள்.

"இதைப் பாருங்க, ரெண்டாவது தடவையும் சோப்புப் போட்டுத் துவைச்சு மேலே கிணத்தோரக் கொடியில போட்டேன். தகடு இருக்கு, மழைக்குப் பயமில்ல. காஞ்சு எடுத்தா மறுபடி சிவப்பு." சின்னவள் பக்கம் திரும்பினாள். "உன்னைத் திட்டினது தப்புத்தான். உன் சட்டை இதுல இல்லவே இல்ல. பின்ன எங்கேர்ந்துதான் வருது இந்தக் கலர்?"



சின்னவள் அந்தக் குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். குழந்தையின் வாய் துடைக்கிற துணி, உள்ளங்கை அகலம். அதை அண்ணன் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அதை மீறியதாக இது ஆகாது.

அவர் கட்டைவிரல் தானாகவே அதன்மேல் போனது.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன, என்ன என்று கேட்டாள். தம்பி எழுந்து உட்கார்ந்தார். துணியைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், சாத்திய சன்னலைப் பார்த்தார். அவர் சன்னல் திண்டைத்தான் தினமும் துடைத்தார். அந்தக் காற்று அதற்கு மேலே எங்கே போகிறது என்று ஒரு நாளும் தலையை நீட்டிப் பார்த்ததில்லை.

"அண்ணே" என்றார். "குட்டி..."

அதற்கு மேல் இருமல் விடவில்லை. அவர் இருமி அடங்கும்வரை அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும்.

"நீ எப்போலேர்ந்துடா..." என்று தொடங்கி, கேள்வியை முடிக்காமலே எழுந்தார். துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கிப் போனார்.

மேலே மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். முதலில் மெஷின் நின்றது. கொஞ்சம் பொறுத்து எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றது. பெண்கள் ஏதோ கேட்பதும், அண்ணன் தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தங்கள், இரும்புக் கதவு இழுபடும் சத்தம். நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று அவர்களுக்கு என்ன சொன்னாரோ. நாளைக்கு டாக்டரிடம் எதைச் சொல்லப் போகிறாரோ.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே வாழ்ந்த வீடு அது. அது நின்றதும் காதே அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சின்னவள் சன்னலைத் திறந்தாள். கிணறு இருட்டாக, அசைவில்லாமல் இருந்தது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

அந்த அமைதிக்குள் மேலேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

அண்ணி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். சின்னவள் பழக்கத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி இருமவில்லை. அவரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் கேட்டது. சின்னதாக, வறண்டதாக. இத்தனை நாளாகப் பகலில் மெஷின் சத்தத்திலும் ராத்திரி குழந்தையின் அழுகையிலும் யாருக்கும் கேட்காமல் போன இருமல்.